டீச்சர் கட்டில்

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்ட ரிப்போர்ட் தயாராகிவிட்டது. ஆனால் அது இந்தக் கடிதத்தோடு இல்லை. எங்கே இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் சில விஷயங்களை நீ படித்தாக வேண்டும். கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. இந்த ஒரு தடவை அதைச் செய்யாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது நிமிடத்தில் நீ குறுக்கே பேசுவாய், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன். இது உன் கையோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. நான் செய்த வேலையை இன்று செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள் யாராவது படித்தால் நல்லதுதான்.

போன வாரம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, இது டீச்சர் கட்டில் கேஸ்தான். நீ ஒரு நாள் வந்து அளந்து, ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடு. அதை எடுத்துட்டுப் போய் அவ அப்பா கையில குடுத்துடறேன்." அவள் என்றது ஜெசிந்தாவை, நீ போன வருடம் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை. நைட் டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து பகலில் தூங்குகிற நர்ஸ் அவள். படுக்கையறையில் ஏதோ ரீங்காரம் கேட்கிறது, தூங்க முடியவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்கவில்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் வார்டில் ஊசியை எடுத்துக்கொண்டு தப்பான படுக்கைக்குப் போய் நின்றிருக்கிறாள், கூட இருந்த பெண் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். மறுநாளே லீவு போட்டுவிட்டு ஹனூரில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டு போனாள் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். என் கணக்கில் அவள் தூங்கப் போயிருக்கிறாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்பது அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது என்று நீ நம்புகிறாய். அதில் பாதி உண்மை.

உன் வாயிலிருந்து "டீச்சர் கட்டில்" என்ற வார்த்தை வந்தது. அந்த வார்த்தையை நம் வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நான். அதன் கதையில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கட்டடங்களில் இயந்திரங்கள் உண்டாக்கும் சத்தத்தையும் அதிர்வையும் அளப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப், ஏசி என்று எதன் மேலாவது புகார் வந்தால் ஆபீஸில் என்னை அனுப்புவார்கள், மீட்டர் பெட்டியோடு போவேன். அன்று போனது ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே இனிப்புக் கடை, அதற்குப் பின்னால் பால் வைக்கிற குளிர் அறை, அதற்கு ஒரு கம்ப்ரஸர். இரண்டாம் மாடியில் தனியாக இருந்த ஒரு ரிட்டையர்டு டீச்சர், தன் படுக்கையறையில் உறுமல் கேட்கிறது என்று கடைக்காரரை ஆறு மாதமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் மாடியில் இருப்பவர்களுக்கே கேட்காதது இரண்டாம் மாடியில் எப்படிக் கேட்கும் என்பது எல்லோருடைய வாதமும். கடைக்காரர் எரிச்சலாகி, அளந்தே விடலாம் என்று எங்கள் ஆபீஸைக் கூப்பிட்டிருந்தார்.

சின்ன அறை. இரும்புக் கட்டில் ஒன்று, அதன் தலைமாட்டுச் சட்டம் சுவரை ஒட்டி நின்றது. மீட்டரை அறையின் நடுவில், சுவர்களிலிருந்து தள்ளி, முக்காலியில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பது எங்கள் படிவத்தில் இருந்த விதி. முக்காலிக்கு இடமில்லை. அதனால் கட்டிலை நகர்த்தச் சொன்னேன். கடையாள் ஒருவரும் வாட்ச்மேனும் சேர்ந்து அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் போட்டார்கள். கம்ப்ரஸரை ஓடவிட்டு அளந்தேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெகு கீழே இருந்தது. பிறகு, விசாரணை முழுமையாக இருக்கட்டும் என்று, டீச்சரைக் கட்டிலில் படுத்துக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நாலு ஆண்கள் வாசலில் நிற்க, அறுபது வயதுப் பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு படுத்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "இப்போ கேக்கலம்மா. ஆனா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில கூட இருந்துச்சு," என்றார். கடைக்காரர் சிரித்தார். கட்டடச் சங்கத்தின் செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தேன்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான். கிளம்பும் முன் கட்டிலைப் பழைய இடத்தில் போடுவதற்கு நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தலைமாட்டுச் சட்டம் போய்ச் சுவரில் தட்டியதும் என் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. மிக லேசாக, கையில் எறும்பு ஊர்கிற மாதிரி. இரும்பைப் பிடித்த கை, பாரம் தூக்கிய கை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மணி மூன்று பத்து. மூன்றரைக்கு உன் பள்ளிக்கூடம் விடும். பெட்டியை மறுபடி திறந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். உன்னைக் காரணம் காட்டுவதாக நினைக்காதே. வாட்ச்மேனிடம் கேட்டிருந்தால் போன் போட்டு உன் அப்பாவை அனுப்பியிருக்கலாம். எனக்கு அந்த வேலை முடிந்துபோயிருக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் "அளவுக்குள் உள்ளது" என்று எழுதினேன். "புகார் கொடுத்தவருக்கே கேட்கவில்லை" என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. டீச்சரின் பெயர் அதில் எங்கும் இல்லை, "இரண்டாம் மாடியில் வசிப்பவர்" என்று மட்டும் இருந்தது. எங்களை அழைத்தது கடைக்காரர், அதனால் ரிப்போர்ட் அவருக்குப் போயிற்று. அவர் அதை லிஃப்ட் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். டீச்சர் தினமும் அதைக் கடந்துதான் பால் வாங்கப் போயிருப்பார். மூன்று மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொள்ளேகாலில் இருந்த தங்கையிடம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரிட்டையர் ஆன பிறகு ஆசை ஆசையாக வாங்கிய வீடு அது.

அன்று மாலை உனக்குத் தோசை வார்த்துக்கொண்டே இதை வேடிக்கையாகச் சொன்னேன். நீ கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக் காதைத் தீட்டி நடித்துக் காட்டினாய், நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிலிருந்து நம் வீட்டில் நிரூபிக்க முடியாத எந்தப் புகாருக்கும் அதுதான் பெயர். கணக்குப் பரீட்சை அன்று உனக்கு வயிற்று வலி வந்தால் டீச்சர் கட்டில். ஸ்கூட்டரில் ஏதோ கரகரவென்று வருகிறது என்று உன் அப்பா சொன்னால் டீச்சர் கட்டில். அந்த ஸ்கூட்டர் ஒரு நாள் நஞ்சன்கூடு ரோட்டில் பேரிங் உடைந்து நின்றது, அவர் நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதும் நாம் பாடம் கற்கவில்லை.

நீ எட்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தாயே, நினைவிருக்கிறதா? மாடி வீட்டில் மத்தியானம் மாவு அரைப்பார்கள். நீ கண்ணைத் திறக்காமல், "அம்மா, கட்டில் உறுமுது," என்றாய். வழக்கமான பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. நீ கிடந்த கிடையைப் பார்த்து அதைச் சொல்லாமல் கட்டிலின் தலைமாட்டில் கையை வைத்தேன். அதே நடுக்கம். கட்டிலை இரண்டு விரல் இழுத்தேன், நின்றுவிட்டது. மறுபடி சுவரோடு தள்ளினேன், வந்தது. நாலைந்து தடவை இழுத்தும் தள்ளியும் பார்த்தேன். நீ விளையாட்டு என்று நினைத்து அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாய்.

அன்று டீச்சர் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு எளிதாகச் சொல்கிறேன். எல்லாச் சத்தமும் காற்று வழியாக வருவதில்லை. இயந்திரத்தைச் சுவரிலோ தூணிலோ இறுக்கிப் பூட்டியிருந்தால், அதன் அதிர்வு கட்டடத்தின் உடம்புக்குள் ஏறி நடக்கும். ஒரு மாடியைத் தொடாமல் அடுத்த மாடியில் போய் வெளிப்படும். முதல் மாடியில் அந்தச் சுவரை ஒட்டித் துணி அலமாரி இருந்தது, துணிக்குக் காது கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரு இரும்புக் கட்டில் சுவரைத் தொட்டு நின்றது, அதில் ஒரு தலை படுத்திருந்தது. மீட்டருக்குள் ஒரு வடிகட்டி வேறு உண்டு, அது கனத்த, தாழ்ந்த சத்தங்களைக் குறைத்துத்தான் காட்டும். நான் அளப்பதற்கு வசதியாகக் கட்டிலை நகர்த்தியபோது, அவருக்குச் சத்தம் வந்துகொண்டிருந்த வழியையே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, கேட்கிறதா என்று அவரையே கேட்டேன்.

தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேள். ஒன்றும் செய்யவில்லை. இல்லை, ஒன்று செய்தேன். அந்தக் கட்டடத்துக்குப் போய் வாட்ச்மேனிடம் டீச்சருடைய கொள்ளேகால் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் கொள்ளேகாலில் ஒரு பட்டு நெசவுக் கொட்டகையில் அளக்க வேண்டியிருந்தது. விலாசம் பைக்குள் இருந்தது. வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்தேன், வீட்டுக்குத் திரும்ப மைசூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவரிடம் போய் என்ன சொல்வது, அவர் திட்டினால் என்ன, அழுதால் என்ன என்று எனக்குப் பயம். வீட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் டீச்சர் கட்டில் என்று சொல்லும்போதெல்லாம் சிரிக்காமல் இருந்தேன், அதை யாரும் கவனிக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு ஹனூர் போகும்போது நம் வேன் கொள்ளேகால் வழியாகத்தான் போனது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் இப்போது இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இதற்காக வெட்கப்படுகிறேன். அதை இத்தனை வருடம் கழித்து, இந்தச் சந்தர்ப்பத்தில்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது என்பதற்கும் வெட்கப்படுகிறேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். பழைய ஆபீஸில் கேட்டு மீட்டர் பெட்டி, அதிர்வு அளக்கிற பெட்டி இரண்டையும் ஒரு நாளுக்கு வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் சாவியைப் போட்டுத் திறந்தேன். நீ ஆபீஸில் இருந்தாய். முதலில் நீ கேட்டபடியே செய்தேன். அறையின் நடுவில் மீட்டரை வைத்து அரை மணி நேரம் அளந்தேன். அளவுக்குள்தான் இருந்தது. அதோடு பெட்டியை மூடியிருந்தால் நீ விரும்பிய தாள் உன் கையில் இருந்திருக்கும்.

பிறகு கட்டில்களைப் பார்த்தேன். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறாய். அவளுடையது மூலையில், தலைமாட்டுப் பலகை சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. உன்னுடையது சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கிறது, போன் சார்ஜர் வயர் போக இடம் வேண்டும் என்று நீயே இழுத்துவைத்தது. அவள் தலைக்குப் பின்னால், அதே சுவரின் வெளிப்பக்கம், மொட்டைமாடியிலிருந்து தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. மேலே பிரஷர் பம்ப். கட்டடத்தில் யார் குழாயைத் திறந்தாலும் அது ஓடும், மூடினால் நிற்கும். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை எல்லா வீட்டிலும் துணி துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். நீ வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேர் ஊரில் இல்லை, நீயும் மத்தியானம் வரை காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடக்கிறாய். நான் கட்டிலை நகர்த்தவில்லை. பொத்தான் அளவு இருக்கிற அதிர்வு சென்சாரை மெழுகு வைத்து அவள் தலைமாட்டுப் பலகையில் ஒட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தலையணையில் தலை வைத்துப் படுத்தேன்.

பத்து நாற்பதுக்கு வந்தது. காதில் கேட்கிறது என்று சொல்ல முடியாது, தாடையெலும்பில் கேட்கிறது. இருபது விநாடி இருந்தது, நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், மறுபடி வந்தது. ஓடுவதைவிட நின்று நின்று வருவதுதான் கொடுமை, அடுத்தது எப்போது என்று மனசு காத்துக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். மூன்று மாதம் இதில் படுத்துக்கொண்டு, அவள் உன் மேல் ஒரு தட்டைக்கூட எறியவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன்.

எழுந்திருக்கும்போது சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரில் கை பட்டுத் திரும்பிக்கொண்டது. பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. வார்டில் நோயாளிக்குச் சார்ட் எழுதுவார்களே, அதே மாதிரி கோடு போட்டு, எந்த நேரம் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, லேசா பலமா என்று நாள் நாளாகக் குறித்திருக்கிறாள். அதை என் சென்சார் பதிந்ததோடு வைத்துப் பார்த்தேன். அவள் செவ்வாய்க்கிழமைகளும் என் செவ்வாய்க்கிழமையும் அச்சாகப் பொருந்தின. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பெண் அளந்து வைத்திருக்கிறாள். கடைசி இரண்டு வாரக் குறிப்புகளில் மட்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அது நீ அவளிடம், சத்தம் சுவரில் இல்லை, உன் தலைக்குள் இருக்கிறது என்று சொன்ன பிறகு வந்தது. நீ அப்படிச் சொன்னதை நீயேதான் என்னிடம் போனில் சொன்னாய். அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்து நான் உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. மீட்டரில் ஒன்றுமில்லை என்றால் மனுஷருக்கும் ஒன்றுமில்லை என்று பேசுவதை நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய், தோசையோடு சேர்த்து ஊட்டியது நான். அளவுக்குள் இருக்கிறது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டீச்சரின் வீடு செலவாயிற்று. உனக்கு அவ்வளவு ஆக வேண்டாம். உன் மனைவி ஒன்று இருக்கிறது என்று சொன்னால், அவள் படுக்கிற இடத்தில் போய்ப் படுத்துப் பார். நடு அறையில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்லாதே.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. சுவரில் குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்புகளுக்குள் ரப்பர் வைக்க வேண்டும், குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்குகிற இடத்தில் பூசியிருக்கிற சிமெண்டைக் கொத்திவிட வேண்டும், பம்புக்கு அடியில் ரப்பர் கட்டைகள். பிளம்பரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன், அரை நாள் வேலை என்கிறார். உன் சங்கத்தின் தலைவர் சம்மதித்துவிட்டார்.

இனி ரிப்போர்ட். அது எங்களை அழைத்தவருக்குப் போகும் என்பது ஆபீஸ் வழக்கம். நான் இப்போது எந்த ஆபீஸிலும் இல்லை. புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் ஜெசிந்தாவின் முழுப் பெயரை எழுதினேன், அவளுடைய குறிப்புகளையும் இணைப்பாகச் சேர்த்தேன், தபாலில் ஹனூருக்கு அவள் பெயருக்கே அனுப்பிவிட்டேன். அவள் அப்பா கையில் கொடுப்பதற்கு உன்னிடம் தாள் எதுவும் இல்லை. வெறும் கையோடுதான் நீ போக வேண்டியிருக்கும்.

இன்று காலை ரிப்போர்ட் கைக்குக் கிடைத்து அவள் போன் செய்தாள். "அப்ப நெசமாவே இருக்குதுங்களா அத்தை?" என்று கேட்டாள். இருக்கிறது, நானே படுத்துப் பார்த்தேன் என்றேன்.  பிறகு, "அவருக்குத் தெரியுங்களா?" என்றாள். இனிமேல்தான், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நீங்க சொல்லித் தெரியறது வேணாங்க அத்தை," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதனால் ஒரு நாள் லீவு போடு. வார நாளாக இருக்கட்டும், பத்தரை மணிக்கு மேல். கட்டில் அப்படியே சுவரோடு இருக்கிறது, தொடாதே. காதில் எதையும் மாட்டாமல் அவள் பக்கம் போய் அவள் தலையணையில் படு. அது வரும். வந்த பிறகு ஹனூர் பஸ்ஸைப் பிடி. கொள்ளேகாலில் காபி குடிக்க இறங்காதே. நீ படுத்துப் பார்த்துவிட்டாய் என்று நான் சொல்கிற வரை குழாயில் கை வைக்க வேண்டாம் என்று பிளம்பரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா